புதையல் யாருடையது?

சென்ற ஆண்டுத் தேர்வுகள் முடிந்த அன்று இரவு, பெங்களூரில் எங்கள் மாணவர் விடுதியின் கூடத்தில் ஓர் ஆங்கிலப் படம் காட்டினார்கள். 1984-இல் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' என்னும் படம் அது. புதையல் தேடிச் செல்லும் வீரனைப் பற்றிய கதை. படத்தின் நடுவே இந்திய அரண்மனை ஒன்றில் விருந்து நடக்கிறது. பெரிய பாம்பின் வயிற்றைக் கிழித்து, நெளியும் குட்டிகளை எடுத்து உண்கிறார்கள். வண்டுகளை உறிஞ்சுகிறார்கள். கண்விழிகள் மிதக்கும் சூப்பு வருகிறது. இறுதியில் குரங்குத் தலைகளைத் தட்டில் வைத்து, குளிரவைத்த மூளையைக் கரண்டியால் எடுத்துத் தின்கிறார்கள். கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது, வெளிநாட்டிலிருந்து வந்து எங்களோடு பயிலும் மாணவர் ஒருவர் என் தட்டைப் பார்த்து, "இன்று குரங்கு இல்லையா?" என்று கேட்டார். நல்ல நண்பர், வேடிக்கையாகத்தான் கேட்டார். மறுமொழி கூற வாயெடுத்தேன். முந்தைய இரவு நான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. என் தட்டில் இருந்தவை இரண்டு இட்டலிகள்.

அன்று சொல்லாத மறுமொழியை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன். சினத்தோடு எழுதினால் அது வசையாகுமே ஒழிய ஆராய்ச்சியாகாது. ஆகவே, வகுப்பறையில் ஒரு காப்பியத்தையோ நாவலையோ எப்படி ஆராய்வோமோ அப்படியே இப்படத்தையும் ஆராய்வோம். முதற் படத்தால் உலகின் உள்ளத்தைக் கவர்ந்தவர்கள் அடுத்த படத்தில் ஏன் ஏமாற்றினார்கள்? இதுவே நம் கேள்வி.

முதற் படமும் அடுத்த படமும்

ஜார்ஜ் லூகாஸ் கதையமைப்பில் பங்குகொள்ள, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' 1981-இல் வெளிவந்தது. ஹாரிசன் ஃபோர்டு நடித்த இந்தியானா ஜோன்ஸ் என்னும் தொல்லியல் பேராசிரியர் அதில்தான் முதன்முதலில் தோன்றினார். யூதர்களின் உடன்படிக்கைப் பெட்டியை நாஜிகள் கைப்பற்றுமுன் அவர் கண்டெடுக்க வேண்டும் என்பது கதை. அதன் வெற்றிக்குப்பின் வந்ததே நாம் பார்த்த படம். கதை நிகழும் ஆண்டைக் கணக்கிட்டால் முதற் படம் 1936, அடுத்தது 1935. ஆகவே இதை முன்கதை என்றும் கூறலாம். ஆயினும் மக்கள் அதை இரண்டாம் பாகமாகவே கருதினர்.

ஏமாற்றம் என்றதும் வசூலில் தோற்ற படம் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. உலகெங்கும் 33 கோடி டாலர் அளவுக்கு அது ஈட்டியது. காட்சித் தந்திரங்களுக்காக ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஆனால் படத்திலுள்ள கொடூரத்தைக் கண்டு அமெரிக்கப் பெற்றோரே முகம் சுளித்தனர். அதே ஆண்டில் 13 வயதுக்கு உட்பட்டோரைக் குறித்து எச்சரிக்கும் புதிய தணிக்கைப் பிரிவு அந்நாட்டில் ஏற்பட்டதற்கு இப்படமும் ஒரு காரணம். இயக்குநரும் பிற்காலத்தில் இப்படத்தைப் பற்றி மனநிறைவின்றியே பேசினார். பணம் கொழித்த படமும் ஏமாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மிச்சத்தில் சமைத்த விருந்து

தொடர்ச்சிப் படங்களை ஆராய்வோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: இதில் புதிதாகச் சொல்ல வேண்டிய கதை இருக்கிறதா, அல்லது முன்பு மிஞ்சியது பரிமாறப்படுகிறதா?

பழைய எடுத்துக்காட்டு ஒன்று கூறுகிறேன். 1950-இல் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' என்ற புதையல் படத்தை ஆப்பிரிக்காவுக்கே சென்று எடுத்தார்கள். அதன் ஒளிப்பதிவு ஆஸ்கார் பரிசு பெற்றது. 1959-இல் 'வாட்டூஸி' என்ற தொடர்ச்சி வந்தது. முன்னைய படத்துக்காக எடுத்த காட்சிச் சுருள்களை மீண்டும் பயன்படுத்தி, அவற்றோடு புதிய நடிகர்களின் காட்சிகளை ஒட்டி அதைத் தயாரித்தார்கள். முதற் படத்தைப் பலர் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 'வாட்டூஸி'யை நினைப்பவர் யார்?

நாம் பார்த்த படத்திலும் இதே வேலை வேறு வகையில் நடந்திருக்கிறது. ஷாங்காய் நகரத்துக் காட்சி, விமானத்திலிருந்து ரப்பர்ப் படகோடு குதிப்பது, சுரங்கத் தள்ளுவண்டிகளில் துரத்துவது ஆகியவை முதற் படத்தின் தொடக்கநிலைத் திரைக்கதையில் எழுதப்பட்டு, பிறகு இடமின்றி விடப்பட்டவை. அவற்றை எடுத்து வைத்திருந்து இங்கே கோத்தார்கள். மிச்சத்தை உண்பது குற்றமன்று. நீராகாரத்தின் அருமை அறிந்தவர்கள் நாம். ஆனால் மூன்று சாகசக் காட்சிகள் முதலில் வந்து அமர்ந்துகொள்ள, அவற்றை இணைப்பதற்கு ஒரு கதை பின்னால் தேடப்பட்டால், அந்தக் கதை வெறும் கயிறாகிவிடும். இந்தியா அக்கயிறாயிற்று.

கதவைத் திறப்பது எது?

இரண்டாம் கேள்வி: புதையலின் கதவைத் திறப்பது எது? அறிவா, வெறும் ஓட்டமா?

முதற் படத்தின் உயிர்நிலை ஒரு பதக்கம். அதை ஒரு குறிப்பிட்ட உயரமுள்ள கோலின் தலையில் பொருத்தி, உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிறுத்தினால், கதிரவனின் ஒளி அதன் வழியே பாய்ந்து, புதையல் உள்ள இடத்தைக் காட்டும். கோலின் அளவு பதக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாஜிகளிடம் ஒரு பக்கத்து எழுத்தின் படி மட்டுமே உள்ளது. மறுபக்கமோ, சொன்ன அளவில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்கிறது. அரைகுறையாகப் படித்தவர்கள் ஆயிரம் ஆட்களை வைத்துத் தவறான இடத்தைத் தோண்டுகிறார்கள். முழுதும் படித்தவர் சில ஆட்களோடு சரியான இடத்தைத் தோண்டுகிறார். மாணவர்களாகிய நமக்கு இதைவிட இனிய காட்சி உண்டா? வீரம் அங்கே உண்டு. ஆனால் கல்விதான் கதவைத் திறக்கிறது.

இத்தகைய வியப்பைக் காண எகிப்துக்குப் போக வேண்டியதில்லை. பெங்களூர் கவிபுரத்தில் கவி கங்காதரேசுவரர் குகைக்கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் மகர சங்கராந்தி மாலையில் கதிரவனின் ஒளி நந்தியின் இரு கொம்புகளுக்கும் இடையே நுழைந்து, குகைக்குள்ளிருக்கும் லிங்கத்தின்மேல் விழுகிறது. நம் ஊரில் பொங்கல் பானை பொங்கும் அதே நாளில் இது நிகழ்கிறது. கதிரவன் செல்லும் வழியை ஆண்டு முழுவதும் நின்று நோக்கிய யாரோ ஒருவர் அந்தக் கல்லை அங்கே வைத்திருக்கிறார். இந்தியாவில் குகைக்கோயில் ஒன்றைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்களுக்கு எத்தகைய கருவூலம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது!

இரண்டாம் படத்தில் பேராசிரியர் படித்துக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. விழுகிறார், ஓடுகிறார், சாட்டையைச் சுழற்றுகிறார். அவர் ஆசிரியராக இல்லாமல் கூத்தாடியாக இருந்திருந்தாலும் கதை இப்படியே நடந்திருக்கும்.

படம் எடுத்தவர்களும் படிக்கவில்லை. வட இந்தியாவில் படமெடுக்க அவர்கள் விரும்பினர். திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசு மாற்றங்கள் கோரியது, உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே 1983-இல் இலங்கையின் கண்டிப் பகுதிக்குச் சென்றனர். அதன் விளைவாக, வட இந்தியச் சிற்றூர் மக்கள் படத்தில் சிங்களம் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவராக நடித்தவர் டி. ஆர். நாணயக்கார என்ற சிங்கள நடிகர். கதையிலோ, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஸ்லீமன் அடக்கியதாகச் சொல்லப்படும் தக்கர் கூட்டம் 1935-இல் உயிர்த்தெழுகிறது. 1939-இல் வந்த 'கங்கா தின்' என்ற ஆங்கிலப் படத்திலும் இதே தக்கர், இதே காளி. ஒரு படத்தைப் பார்த்து மற்றொரு படம் எடுத்தார்கள், நாட்டைப் பார்க்கவில்லை.

காளியைத் தொழுவோர் சிவனுக்குப் பகைவர் என்பதுபோல இக்கதை நடக்கிறது. தில்லையில் கூத்தனுக்கும் கோயில் உண்டு, காளிக்கும் கோயில் உண்டு என்பதைச் சிதம்பரத்துச் சிறுவனும் அறிவான். திருவாலங்காட்டில் இருவரும் ஆடிப் போட்டியிட்ட கதையை நம் பாட்டிமார் சொல்வார்கள். அது வழக்கும் ஊடலும் கலந்த உறவு. இதை அறிந்து எழுதியிருந்தால் கதைக்கு எவ்வளவு ஆழம் கிடைத்திருக்கும்!

பெருமைக்குரியவற்றையும் கூறுவது ஆராய்ச்சியாளனின் கடமை. படத்தின் இறுதியில் வரும் தொங்குபாலத்தை, அருகில் விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களின் உதவியோடு பள்ளத்தாக்கின் குறுக்கே உண்மையாகவே கட்டி, உண்மையாகவே அறுத்து வீழ்த்தினார்கள். அக்காட்சி இன்றும் மூச்சை நிறுத்துகிறது. தீயவனாக வரும் அம்ரீஷ் புரியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடிவதில்லை. பாலத்துக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை மக்களுக்குக் கொடுத்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொரு குகை

'மேல்நாட்டார் நம்மைப் பற்றி எடுத்தால் இப்படித்தான் எடுப்பார்கள்' என்று சிலர் கூறலாம். அதை நான் ஏற்கவில்லை. அதே 1984-இல் டேவிட் லீன் இயக்கிய 'எ பாசேஜ் டு இந்தியா' வெளிவந்தது. அதன் பெரும்பகுதியைப் படமெடுத்தது இதே பெங்களூரிலும் சுற்றுப்புறத்திலும்தான். ஃபார்ஸ்டரின் நாவலில் வரும் மராபார் குகைகளுக்காக, நாம் விடுமுறையில் ஏறும் சாவனதுர்கா மலையையும் இராமநகரத்துப் பாறைகளையும் தேர்ந்தார்கள். குகை வாயில்களைப் பாறையில் குடைந்தார்கள். ரோஷன் சேத் இவ்விரு படங்களிலும் நடித்திருக்கிறார். இங்கே குகைக்குள் பேயும் இல்லை, பிணமும் இல்லை. வெறும் இருளும் எதிரொலியும்தான். ஆனால் அந்த எதிரொலி ஆளும் இனத்துக்கும் ஆளப்படும் இனத்துக்கும் இடையிலிருந்த ஐயம் முழுவதையும் வெளிக்கொணர்கிறது. இதிலும் குறை உண்டு: கோட்போலே என்ற அந்தணராக ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் முகத்தில் மை பூசி நடித்தது இன்று பார்க்கக் கூசுகிறது. ஆயினும் அப்படத்தின் இந்தியர்களுக்குப் பெயர் உண்டு, தொழில் உண்டு, மானம் உண்டு, சினம் உண்டு. ஆகவே குறை எடுத்தவரின் நாட்டில் இல்லை. அவர் எடுத்துக்கொண்ட அக்கறையில் இருக்கிறது.

புதையல் யாருடையது?

மூன்றாவது கேள்வியே தலையாயது. புதையலுக்குப் பூதம் காவல் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். அந்தக் கதைகளிலெல்லாம் பூதம் வழிமறித்துக் கேட்கும் கேள்வி, "இது உன்னுடையதா?" என்பதே. புதையல் கதையின் நெஞ்சம் அக்கேள்வியில் இருக்கிறது.

முதற் படத்தின் தொடக்கத்தில் பேராசிரியர் தென்னமெரிக்கக் காட்டுக் கோயிலிலிருந்து ஒரு பொற்சிலையைக் கவர்ந்துகொண்டு ஓடுகிறார். அது யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை. ஆனால் இரண்டாம் படம் அதைக் கேட்கிறது! வறண்டு கிடக்கும் ஒரு சிற்றூர். அவ்வூரைக் காத்த சிவலிங்கக் கல்லைக் கவர்ந்து சென்றுவிட்டார்கள். கிணறு வற்றிவிட்டது. குழந்தைகளையும் பிடித்துச் சென்றுவிட்டார்கள். கல்லை மீட்டுத் தாருங்கள் என்று ஊரார் கையேந்துகிறார்கள். இறுதியில் பேராசிரியர் அக்கல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லாமல் ஊராரிடமே கொடுக்கிறார். எவ்வளவு உயர்ந்த கருத்து! முதற் படத்தில் இல்லாத அறம் இது.

என் ஏமாற்றத்தின் வேர் இங்கேதான் உள்ளது. இக்கருவைக் கையில் வைத்துக்கொண்டே படம் அதைப் பார்க்கத் தவறிவிட்டது. அந்த ஊரார் கையேந்துவதற்குத் தொடக்கத்தில் வருகிறார்கள். நன்றி கூறுவதற்கு முடிவில் வருகிறார்கள். இடையில் நாம் பார்ப்பதோ பாம்பும் வண்டும் குரங்கு மூளையும். தம் கல்லுக்காக அவர்கள் ஒரு சொல் வாதாடவில்லை. ஓர் அடி நடக்கவில்லை. வானத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் விழும் வரை காத்திருந்தார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. 1976-இல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த விசுவநாதசுவாமி கோயிலின் அருகே மண்ணை வெட்டிய கூலித் தொழிலாளி ஒருவர், சோழர் காலத்து நடராசர் செம்புத் திருமேனியைக் கண்டார். அது சிறு தொகைக்குக் கைமாறி, பல கைகள் கடந்து, கடலும் கடந்தது. 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று பெருந்தொகைக்கு வாங்கியது. செப்பனிடுவதற்காக லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தபோது, லண்டன் காவல்துறை அதைக் கைப்பற்றியது. நாம் பார்த்த படம் உலகெங்கும் ஓடிய காலத்தில் பத்தூர் நடராசர் அங்கேதான் இருந்தார்.

வாங்கிய நிறுவனம் சிலையைக் கேட்டு வழக்காடியது. எதிர்த்து உரிமை கோரியவர்களுள் பத்தூர்க் கோயிலும் ஒருவர். இடிபாடுகளுக்கிடையே எஞ்சி நின்ற சிவலிங்கமும் ஒருவர்! தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் சென்று சான்று கூறினார். பத்தூரில் பின்னர் அகழ்ந்தெடுத்த மற்றத் திருமேனிகளோடு இச்சிலையை ஒப்பிட்டார்கள். அதில் ஒட்டியிருந்த மண்ணையும் பத்தூர் மண்ணையும் ஒப்பிட்டார்கள். கறையான் தடத்தைக்கூட விடவில்லை. 1988-இல் நீதிபதி கோயிலுக்கே உரிமை என்று தீர்ப்பளித்தார். 12-ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கட்டியவரின் அறநோக்கம் இன்னும் அழியவில்லை, சிவலிங்கமே அதன் உருவம் என்னும் கருத்தை அவர் ஏற்றார். 1991-இல் மேல்முறையீட்டு மன்றமும் கோயிலின் பக்கமே நின்றது. நடராசர் தாய்நாடு திரும்பினார்.

பூதத்தின் கேள்வி லண்டன் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. "இது உன்னுடையதா?" என்பதற்கு ஒரு பிடி மண்ணும் ஒரு கறையான் தடமும் மறுமொழி கூறின. இக்கதையில் சாட்டை இல்லை, தள்ளுவண்டி இல்லை. ஆனால் கதவைத் திறந்தது கல்வி. இழந்ததைக் கேட்டவர் இழந்தவர். நல்ல புதையல் கதைக்கு வேண்டியவை இரண்டும் இதில் உண்டு.

இது ஒரே ஒருமுறை நடந்த அதிசயமும் அன்று. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே கோயிலில் எடுத்து வைத்திருந்த ஒளிப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014-இல் அச்சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. யாரோ ஒருவர் வெயிலில் நடந்து சென்று, யாரும் எட்டிப் பாராத கோயிலில், பொறுமையாக எடுத்த ஒரு படம்! பேராசிரியர் ஜோன்ஸின் சாட்டையைவிட அந்த ஒளிப்படக் கருவிக்கு வலிமை மிகுதி.

மாணவத் தோழர்களே! தொடர்ச்சிப் படம் எதைப் பார்த்தாலும் இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். புதிய கதையா, மிச்சமா? கதவைத் திறப்பது அறிவா, ஓட்டமா? புதையல் யாருடையது? மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்போம். சிரிக்கக் கூடாத இடத்தில் நம் வாய் தானே நின்றுவிடும்.

அந்த வெளிநாட்டு நண்பரிடம் பத்தூர்க் கதையை ஒரு மாலையில் முழுவதும் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இதை ஏன் அவர்கள் படமாக எடுக்கவில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவர்களுக்கு மட்டும் உரியது என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த சங்கராந்தி மாலையில் கவிபுரத்துக்கு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் மன்றத்து நண்பர்களும் வரலாம்.